செம்புப் பால் போன வழி

பவுனம்மாளுக்கு வாய் இருக்கிறது என்பது பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அவளுடைய மாட்டின் தயவால்தான் தெரியும். ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஆற்றோரமாக இருந்த கொட்டகையில் பால் கறக்கும்போது, "நில்லு சீதேவி. எதுக்குத் தவிக்கிற? உன் கன்னுக்குட்டி எங்கயும் போயிடல, இந்தா நிக்குது பாரு" என்று அவள் சொல்வது லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். நல்ல கணீரென்ற குரல். மாட்டை விட்டு மனிதர்களிடம் வந்துவிட்டால் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பாத்திரத்தை நீட்டினால் ஊற்றுவாள். போய்விடுவாள். பால் தண்ணீராக இருக்கிறது என்று யாராவது சண்டைக்கு இழுத்தால், முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாள் முதல் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பவுனம்மாளிடம் அழுத வீடுகள் கடுங்காப்பிதான் குடித்தன.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மௌன விரதம் என்றார்கள். செய்வினை என்றார்கள். புருஷன் சின்னையா அடித்த அடியில் நாக்கு இழுத்துக்கொண்டது என்றும் ஒரு கதை இருந்தது. சின்னையாவைப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள். தன் மேல் உட்கார்ந்த கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுகிறவன் அவன்.

ஆனால் ஒரு காரியத்துக்கு ஊருக்கு அவள்தான் வேண்டும். சாவு விழுந்த வீட்டிலிருந்து மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போகிற ஆண்பிள்ளைகள், செம்போடு அவள் கொட்டகைக்கு வருவார்கள். யார் செத்தது, எப்படிச் செத்தது, கடைசியில் என்ன சொன்னார் என்று அவள் ஒன்றும் கேட்பதில்லை. முகத்தைப் பார்ப்பாள், செம்பு நிறைய ஊற்றுவாள், காசு வாங்க மாட்டாள். துக்கம் விசாரிக்கிறேன் என்று வந்து ஆளைப் பிடுங்கித் தின்கிற ஊரில், விசாரிக்காத ஒருத்தி இருந்தது பலருக்கு ஆறுதலாக இருந்தது.

லயத்துத் தெரு போய் முடிகிற இடத்தில் ரயில்வே கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அந்த இடத்துக்குக் கேட்டு முக்கு என்று பெயர். இடுகாட்டுக்குப் போகிற ரோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. அதனால் சவ ஊர்வலத்தோடு அழுதுகொண்டே வருகிற பெண்கள் கேட்டு முக்கில் நின்றுவிட வேண்டும். கேட் திறந்து பாடை தண்டவாளத்தைத் தாண்டும். பெண்கள் திரும்பி நடப்பார்கள். அந்த முக்கில்தான் பவுனம்மாள் தினமும் பால் தூக்குகளை இறக்கிவைத்துக் கை மாற்றிக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிமார் வீடுகளுக்குப் போவாள். கேட்டைத் தாண்டி அவளுக்கு வாடிக்கை கிடையாது.

அவள் பிறக்கும்போதே இப்படியில்லை. சின்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறி வந்த புதிதில், லயத்திலேயே ஓயாத வாய் அவளுடையது. சின்னையா ரயில் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலையில் இருந்தான். நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அவனுக்கு மூச்சு வாங்கும். "நான் பேசுறதுல பாதிய நீங்க பேசினா என் தொண்டையாவது மிஞ்சும்" என்று அவனைக் கேலி செய்வாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

மகள் பிறந்தாள். தங்கமணி. அம்மாவிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டு வந்த வாய். நாலு வயதில், வேலைக்குப் புறப்படுகிற அப்பன் விரலைப் பிடித்துக் கேட்டு முக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டு, "போய்ட்டு சீக்கிரமா வந்துரணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு, திரும்பி ஒரே ஓட்டமாக ஓடிவருவாள். ரயில்வேயில் துரைக்கு அடுத்தபடி சின்னையா பயந்தது அந்த உத்தரவுக்குத்தான் என்று லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடியப்போகிற வருஷம், ஐப்பசி மாதம், அந்த விஷக் காய்ச்சல் வந்தது. காலையில் இருமினவர் சாயங்காலம் இருப்பதில்லை.

"ரெண்டு நாளைக்குப் பால் ஊத்தப் போவாத பவுனு. மேலண்டை வரிசையில எல்லாரும் படுத்துக் கெடக்காங்க" என்றான் சின்னையா.

"கறந்த பால மடியிலயா திருப்பி ஊத்த முடியும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள் பவுனம்மாள். போன இடத்தில் ஒரு கிழவி, எழுந்துவர முடியாமல் படுக்கையிலிருந்தே பாத்திரத்தைக் காட்டினாள். உள்ளே போய் ஊற்றி, ஒரு வாய் குடிக்கவும் வைத்துவிட்டு வந்தாள். இரண்டொரு நாளில் அவளும் குழந்தையும் ஒரே பாயில் விழுந்தார்கள். அதன்பிறகு அவளுக்கு நினைவில்லை.

கண்ணைத் திறந்தபோது பாயின் மறுபாதி காலியாக இருந்தது.

"புள்ள எங்க?"

சின்னையா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "போயிருச்சு பவுனு" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எங்கே புதைத்தீர்கள் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எந்த வாயால் கேட்பது? போகாதே என்று அவன் சொன்னான். சிரித்துவிட்டுப் போனவள் அவள். காய்ச்சலைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்து பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தவள், அதைப் புதைத்த இடத்தில் என்ன உரிமை கொண்டாடுவது என்று நினைத்தாள். அவன் பேசாமல் இருப்பது அதற்குத்தான் என்று முடிவு கட்டினாள். இடுகாட்டு விஷயத்தைப் பெண் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கமும் இருந்ததல்லவா, அதுவும் அவள் வாயை அடைக்கத் தோதாக வந்து நின்றது.

வேறு வருஷமாக இருந்தால் நாலு பெண்கள் வந்து கட்டிக்கொண்டு மாரடித்து அழுது, நெஞ்சிலிருந்ததைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அந்த வருஷம் வீட்டுக்கு வீடு சாவு. யார் போய் யாருக்கு அழுவது? அவள் பங்குக்கு வரவேண்டிய அழுகை வரவேயில்லை. எழுந்து உட்கார முடிந்ததும் மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள்.

மறு ஐப்பசியில், அந்தத் திதியன்று காலையில், பவுனம்மாள் பித்தளைச் செம்பைப் புளிபோட்டு விளக்கி, முதல் கறவைப் பாலை ஊற்றிச் சின்னையாவின் முன்னால் வைத்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சின்னையா செம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெறுஞ்செம்போடு திரும்பி வந்தான்.

அன்று அவன் செம்பைத் தொடாமல் இருந்திருந்தால், அல்லது அவள் எங்கே ஊற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பின்னால் வந்த பதினைந்து வருஷமும் வேறு மாதிரி போயிருக்கும். இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்கள் சேர்ந்து செய்கிற முட்டாள்தனத்துக்கு மருந்து கிடையாது.

வருஷாவருஷம் செம்பு போயிற்று, வந்தது. வீட்டில் "சோறு இருக்கு", "மழை வருது", "மாடு சினையாயிருச்சு" என்கிற அளவுக்குப் பேச்சு நின்றது. இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. சாப்பிடும்போது அவன் வாசலைப் பார்த்து உட்காருவான், அவள் அடுப்பைப் பார்த்து உட்காருவாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தனி ஆட்கள் குடியிருந்த மாதிரிதான்.

பவுனம்மாளின் மனத்துக்குள் மட்டும் அந்த இடம் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒரு சின்ன மண்மேடு. தலைமாட்டில் ஒரு கல். பக்கத்தில் ஒரு செடி இருக்குமா? வெயில் படுமா? போனவன் சீக்கிரம் திரும்பிவிடுவதால் இடம் தூரமில்லை என்று கணக்குப் போட்டாள். சாவதற்குள் ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதன் மேல் கை வைக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை. ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியில் நின்று, "எடத்தக் காட்டு முருகா, முடியக் குடுக்குறேன்" என்று வேண்டிக்கொண்டாள். சின்னையா பக்கத்தில்தான் நின்றான். மலைமேல் இருக்கிறவனைக் கேட்டவள், கை எட்டும் தூரத்தில் நின்றவனைக் கேட்கவில்லை.

பதினாறாவது ஐப்பசியில் சின்னையாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. யார்டு வேலை போய்விட்டது. நாலடி நடந்தால் நெஞ்சு படபடத்தது. திதியன்று காலையில் பவுனம்மாள் வழக்கம்போலச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் சுவரைப் பிடித்து எழுந்து, முடியாமல் உட்கார்ந்தான்.

அடுத்த வீட்டு நாகையா எட்டிப் பார்த்தான். அவனும் யார்டில் வேலை செய்கிறவன்; சின்னையாவுக்குக் கூடப்பிறக்காத தம்பி. "நீங்க இருங்கண்ணே. எந்த எடம்னு சொல்லுங்க, நான் போயி ஊத்திட்டு வரேன்."

சின்னையா செம்பைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டான்.

"அடையாளம் சொன்னாப் போதும். தேடிப் புடிச்சுக்குவேன்."

"நீ வேலைக்குப் போ நாகையா" என்றான் சின்னையா. நாகையா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனான்.

பவுனம்மாளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த மனுஷன் சொல்லாமலே செத்துப்போனால்? அந்த இடம் அவனோடு போய்விடும். அந்தப் பயத்தில் பதினாறு வருஷமாக அடைத்திருந்த வாய் திறந்தது.

"எங்கன்னு சொல்லுங்க. நானே போறேன்."

"பொம்பள போற எடமில்ல."

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. உங்க பின்னால வரேன். மெதுவாப் போவோம். எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் செம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கி நின்றாள். அந்த நிற்பைப் பார்த்தால், இனி அவளைத் திருப்பி உள்ளே அனுப்ப முடியாது என்று தெரிந்தது. சின்னையா கம்பை ஊன்றி எழுந்தான்.

லயத்துத் தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பதைப் பார்த்துப் பெண்கள் அடுப்பை விட்டு வெளியே வந்தார்கள். அவன் பத்தடிக்கு ஒரு தடவை நின்றான். கேட்டு முக்கு வந்ததும் தூங்குமூஞ்சி மரத்தில் கையூன்றி நின்றுவிட்டான். கேட் சாத்தியிருந்தது.

"உக்காருங்க செத்த நேரம். இன்னும் எம்புட்டு தூரம்?" என்றாள்.

"தூரமில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு, காலடியில் மரத்து வேரைக் கம்பால் தொட்டான். "இங்கதான் பவுனு ஊத்துவேன்."

அவளுக்குப் புரியவில்லை. "இங்கயா? இது ரோடுல்ல?"

"வண்டி இதுவரைக்குந்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு."

பிறகு அவன் சொன்னான். அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை சேர்ந்து வந்ததை அவள் கேட்டதே இல்லை. செத்தவர்களை ஏற்றிப்போக அன்று காலையில் மாட்டு வண்டி வந்தது. வண்டியில் முன்பே ஆட்கள் கிடந்தார்கள். தன் வேட்டியில் பிள்ளையைச் சுற்றி, தானே தூக்கி ஒரு ஓரமாகப் படுக்கவைத்தான். வண்டிக்குப் பின்னாலேயே இந்த முக்கு வரைக்கும் நடந்து வந்தான்.

"நீ உள்ள தனியாக் கெடக்குற. மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல. கதவக்கூடச் சாத்தல. கூடப் போனேன்னா திரும்ப மத்தியானமாயிரும். கேட்டு தொறந்துச்சு. வண்டி போச்சு. நான் திரும்பிட்டேன்." கம்பால் லயத்துப் பக்கம் காட்டினான். "பொம்பளைங்க திரும்புற எடத்துல திரும்பிட்டேன் பவுனு. பெத்த அப்பன், ஒரு புடி மண்ணு போடல."

"அப்புறம் போய்ப் பாக்கலியா?"

"போனேன். எல்லாரையும் ஒண்ணாப் போட்டு மூடியாச்சுன்னான் வெட்டியான். எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியல. வெறும் பொட்டல்தான் இருந்துச்சு."

பவுனம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்மேடு இல்லை. கல் இல்லை. பதினாறு வருஷமாக மனத்துக்குள் கட்டிக் காப்பாற்றிய இடம் ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போயிற்று. "ஏன் சொல்லல?" என்றாள்.

"என்னன்னு சொல்றது? உன்னப் பாக்க ஓடியாந்தேன், அதனால புள்ளையத் தனியா விட்டுட்டேன்னா? அந்தப் பாரத்தையும் உன் தலையில வைக்கவா?"

"நான்தான் காய்ச்சலக் கொண்டாந்தேன், அந்தக் கோவத்துல நீங்க பேசலன்னு நெனச்சேன்."

சின்னையா திகைத்துப்போனான். அது அவன் மனத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத விஷயம் என்பது முகத்திலேயே தெரிந்தது. "நீ என்ன பண்ணுவ? ஊரே படுத்துச்சே" என்றான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் வந்தது, தன்மேல் வந்தது. ஊரே படுத்துச்சே என்கிற இரண்டு சொல்லை அன்றைக்கே, பாயில் கிடக்கும்போதே சொல்லியிருந்தால் ஆகாதா?

"என்னய விட்டுட்டு நீங்க போயிருக்கணும்" என்றாள்.

"போயிருந்தா நீ இருந்திருக்க மாட்ட."

"இருந்து என்னத்தக் கிழிச்சேன்? உங்ககூட உக்காந்து ஒரு வார்த்தை பேசுனனா?"

கேட் திறந்து ஒரு ரிக்ஷா போயிற்று. பவுனம்மாள் குனிந்து மரத்து வேரில் பாலை ஊற்றினாள். தினமும் தூக்கை இறக்கிவைக்கிற அதே வேர். தூக்கு அலம்பி நாலு சொட்டு எப்போதும் அங்கே சிந்தும். அவள் தன்னை அறியாமல் தினந்தோறும் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும், வராமல் போன அழுகை வந்தது. நடுரோட்டில், கிராணிமார் வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்க்க, உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சின்னையா கம்பைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்று முதல் இரண்டு பேரும் கலகலவென்று பேசிச் சிரித்து வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய். பேச்சும் ஒரு பழக்கம்தானே. விட்டுப்போனதை எங்கிருந்து பிடிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சில சாயங்காலங்களில் அவன், "அவ ஓடுறப்ப பாவாட தடுக்கும், தெரியுமா" என்பான். "தெரியும்" என்பாள். அதுவே இரண்டு பேருக்கும் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. தைப்பூசத்தில் பவுனம்மாள் தனியாகப் பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். முருகன் இடத்தைக் காட்டினானா, இல்லையா என்று அவளுக்கே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தை என்று கொடுத்துவிட்டாள்.

பங்குனியில் சின்னையா போய்விட்டான். இந்த வருஷம் ஊரில் காய்ச்சல் இல்லை. அதனால் எல்லாரும் வந்தார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், பறை வந்தது, பாடை கட்டினார்கள். பவுனம்மாள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் முணுமுணுத்ததும் அவள் காதில் விழுந்தது.

கேட்டு முக்கில் பாடை நின்றது. கேட் திறந்தது. பெண்கள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு திரும்பினார்கள். பவுனம்மாள் திரும்பவில்லை. பாடைக்குப் பின்னால் நடந்தாள்.

நாகையாவின் பெண்சாதி தனலெட்சுமி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, இதுக்கு மேல நம்ம போவக்கூடாதுக்கா."

"ஒருத்தர் இங்கேருந்து திரும்புனது போதும்மா" என்றாள் பவுனம்மாள்.

தனலெட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அத்தனை காலத்தில் அந்த அக்கா தன்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. கையை விட்டுவிட்டாள். முன்னால் போன ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளிடம் பேசி யாருக்கும் பழக்கமில்லை. அதனால் தடுக்க வேண்டியவர்களும் தடுக்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து ரோட்டில் அவள் கால் வைத்தாள்.

இடுகாட்டில் சின்னையாவைக் குழிக்குள் இறக்கினார்கள். ஆண்கள் மண் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, பவுனம்மாள் ஒரு பிடி மண்ணை அள்ளி அவன்மேல் போட்டாள். பிறகு அவன் குழி மண்ணிலேயே இன்னொரு பிடி அள்ளிக்கொண்டாள்.

"காய்ச்சல் வருஷத்து ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று வெட்டியானைக் கேட்டாள். அவன் வேலியோரமாகப் புல் மண்டிக் கிடந்த பொட்டலைப் பார்த்துப் பொதுவாகக் கையைக் காட்டினான். அவள் மூடிய கையோடு அங்கே போனாள். எந்த இடம் என்று தெரியாததால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து, விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விட்டுக்கொண்டே போனாள். "நில்லு தங்கம், அப்பா வந்துட்டாரு பாரு" என்று அவள் சொன்னது ஆண்களுக்குக் கேட்டது. மாட்டுக் கொட்டகையில் கேட்குமே, அதே குரல்.

அவள் முடித்துவிட்டு வரும்வரை நாகையாவும் மற்றவர்களும் வேலியோரம் நின்றார்கள்.